பிரட்டுக்களத்தில் ஒரு தொலைநோக்கி



வானத்தைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. அனுமதிச் சீட்டும் இல்லை. இருந்தும், வானத்தைப் பற்றிய கல்வி நகரத்தாருக்கே உரியது என்ற எண்ணம் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1965ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கோளரங்கம் கொழும்பிலே இருக்கிறது. நாட்டின் பெரிய தொலைநோக்கியோ மொறட்டுவையைச் சேர்ந்த கட்டுபெத்தையில், ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகத்திலே உள்ளது. யப்பானிய அரசு 1996ஆம் ஆண்டு அன்பளிப்புச் செய்த அக்கருவியின் ஆடி 45 சென்ரிமீற்றர் விட்டமுடையது. இருளில் நன்கு விரிந்த மனிதக் கண்மணியைவிட ஏறக்குறைய 4,000 மடங்கு ஒளியைத் திரட்ட வல்லது. அந்நிறுவகம் பாடசாலைகளுக்கும் பொதுமக்களுக்கும் வான்நோக்கு நிகழ்ச்சிகளை நடத்தி வருகின்றது. ஆனால் தெரணியகலையிலோ இறக்குவானையிலோ லயத்தில் வாழும் ஒரு பிள்ளை இரவு நிகழ்ச்சிக்காக அங்கே சென்று மீள்வது எளிதா? துணைக்குச் செல்லும் தகப்பனுக்கு ஒரு நாட் சம்பளம் போய்விடும்; பஸ் கட்டணம் வேறு.

எனவே, தொலைநோக்கிதான் பிள்ளையைத் தேடி வரவேண்டும்.

அவ்வாறு வரச்செய்தவர் ஒருவர் அமெரிக்காவிலே வாழ்ந்தார். அவர் பெயர் ஜோன் டொப்சன். 1915ஆம் ஆண்டு சீனாவிலே பிறந்த அவர், வேதாந்த மடத்தில் 23 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். கையிலே பணம் இல்லை. கப்பல் யன்னல்களுக்கான தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். கனத்த கடதாசிக் குழாயும் பலகையும் கொண்டு தொலைநோக்கி சமைத்தார். 1967இல் மடத்தை விட்டு நீங்கிய பின்னர், சான் பிரான்சிஸ்கோ நகரின் நடைபாதையிலே அதனை நிறுத்தி, வழியிற் போவோரை அழைத்துச் சந்திரனைக் காட்டினார். மறு ஆண்டே அவரைச் சூழ நடைபாதை வானியலாளர் சங்கம் உருவாயிற்று. 2014ஆம் ஆண்டு தமது 98ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் வகுத்த எளிய பலகைத் தாங்கி இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. சந்திரனைக் காண விரும்புகிறவரிடம் படிப்பு என்ன, பதவி என்ன என்று அவர் கேட்டதில்லை. தோட்டங்களுக்கு வேண்டிய முறையும் இதுவே.

தோட்டத்து மக்களுக்கு இரவு வானம் அந்நியமானதன்று. இறப்பர்ப் பால் குளிர்ந்த வேளையிலேயே நன்கு வடியும். ஆதலால் பால்வெட்டுவோர் விடியுமுன் எழுகின்றனர். விடிவெள்ளி அவர்களுக்குப் பழகிய விளக்கு. டிசம்பர்ப் பூரணை தொடக்கம் வெசாக் பூரணை வரை, இரத்தினபுரி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறும் அடியார்கள் இரவெல்லாம் வெள்ளிகளின் கீழே நடக்கின்றனர். அவர்கள் நாள்தோறும் காண்பவற்றுக்குப் பெயரும் பொருளும் சொல்ல ஒருவர் முன்வருவாராயின், பாடம் தொடங்கிவிடும்.

முதற் பாடத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. தை, மாசி மாதங்களிலேதான் வானம் ஓரளவு தெளியும். பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு எட்டு மணியளவில் அண்ணாந்து பார்த்தால், உச்சிக்கு அருகே மூன்று வெள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுக்கு வடகிழக்கே செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. மூன்று வெள்ளிகளின் கோட்டை வடமேற்கே நீட்டினால் உரோகிணி. இன்னும் சற்று நீட்டினால் கார்த்திகைக் கூட்டம். பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரமாக வீட்டிலே சொல்லப்படும் பெயர்கள் இவ்வாறு வானத்திலே முகம் காட்டும்.

அளவிடுவதற்குக் கையே போதும். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அம்முட்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. தெற்கே, தொடுவானத்திலிருந்து மூன்று முட்டி உயரத்தில் பளிச்சென்று நிற்பது அகத்தியர். வடக்கே, துருவ வெள்ளி ஒரு முட்டிக்கும் குறைந்த உயரத்திலே மங்கலாக இருக்கும். பல தோட்டங்களில் மலை அதனை மறைத்துவிடும். துருவ வெள்ளியின் உயரமும் அவ்வூரின் அகலக்கோடும் ஒன்றே. தாம் வாழுமிடம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் உள்ளதென்பதை, தேசப்படம் இல்லாமலே ஒரு பிள்ளை தன் கையால் அளந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி இருகண் நோக்கி. அந்த மூன்று வெள்ளிகளுக்குச் சற்றுத் தெற்கே நோக்கினால் புகைபோன்ற ஒரு திட்டுத் தெரியும். அது புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயுமுகில். அதிலிருந்து இன்று கண்ணுக்கு வந்து சேரும் ஒளி புறப்பட்டு ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது காஞ்சியிலே பல்லவர் ஆண்டனர்.

மூன்றாம் படி தொலைநோக்கி. இதற்கு நாள் தேர்வது முக்கியம். போயா தினம் விடுமுறையாதலால் அன்று கூடலாமென்று பலருக்குத் தோன்றும். ஆனால் பூரணைச் சந்திரன்மீது சூரியவொளி நேராக விழுவதால் குழிகளும் மலைகளும் நிழலின்றித் தட்டையாகத் தோன்றும். அதன் ஒளியில் மற்றை வெள்ளிகளும் மங்கும். வளர்பிறை அட்டமியே சிறந்தது. பாதிச் சந்திரனில் ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்திலே, நீண்ட நிழல்கள் ஒவ்வொரு குழியையும் கிண்ணம்போல் எடுத்துக் காட்டும்.

கிரகங்களுள் வியாழனையும் சனியையும் தோட்டங்களில் அறியாதார் இல்லை. குருப்பெயர்ச்சி ஏறக்குறைய ஆண்டுக்கொருமுறை வருவது, வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு எடுப்பதனால். சனிக்கோ ஒரு சுற்றுக்கு 29 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஆகவே ஒரு இராசியில் இரண்டரை ஆண்டு தங்குகின்றது. 1610ஆம் ஆண்டு சனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்களை இன்று சிறிய கருவியிலும் காணலாம். பெயரைக் கேட்டே அஞ்சிய சனியை, வளையம் சூழ்ந்த சிறு மணியாக முதன்முறை காண்பவர் வாய்திறந்து நிற்பர். ஆனால் புத்தகப் படத்தின் வண்ணத்தையும் பருமனையும் எதிர்பார்க்கலாகாது என்று முன்பே சொல்லிவைப்பது நன்று.

ஒரு கண்டிப்பும் வேண்டும். தக்க வடிகட்டியின்றிச் சூரியனைத் தொலைநோக்கியாலோ இருகண் நோக்கியாலோ ஒருபோதும் பார்க்கலாகாது; ஒரு கணத்திலே கண் கெடும்.

கருவி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். பாடசாலைகளிலும் தனியார் வீடுகளிலும் தொலைநோக்கிகள் உண்டு. பல பெட்டியிலே பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. பழுதாகிவிடும் என்ற அச்சமே காரணம். ஆனால் சப்பிரகமுவவின் ஈரக்காற்றில், இருட்டிலே மூடிவைத்த கண்ணாடியில்தான் பூஞ்சணம் படர்கின்றது. வெளியே எடுத்து, உலரவைத்து, பயன்படுத்தும் கருவியே நீடிக்கும். காக்க எண்ணிப் பூட்டிய கண்ணாடி காலப்போக்கிற் குருடாகிவிடுகின்றது.

இடம் எது? ஒவ்வொரு தோட்டத்திலும் பிரட்டுக்களம் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் அதிகாலையிலே வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, வேலைக்குப் பிரிந்த இடம் அது. அங்கேயே ஓர் இரவு தொலைநோக்கியை நிறுத்தலாம். விளக்குகளை அணைத்து, டோர்ச்சுக்குச் சிவப்புக் கடதாசி சுற்றி, இருபது நிமிடம் கண்ணை இருளுக்குப் பழக்கலாம். சிறுவருக்கு ஒரு முக்காலி வைக்கலாம். பூமி சுழல்வதால் கோள் பார்வையினின்று நழுவும். கருவியை அடிக்கடி திருப்பிக் கொடுக்கப் பயின்ற ஒருவர் பக்கத்திலே நிற்கவேண்டும். ஆளுக்கு அரை நிமிடமென்றால் ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் காணலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணும் கணக்கப்பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பர். அந்த வரிசையில் யாரும் யாருடைய பெயரையும் குறிக்கமாட்டார்.

ஓர் இரவுக் காட்சியால் என்ன விளையும்? சப்பிரகமுவவில் உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. ஆசிரியர் இல்லாக் குறையைத் தொலைநோக்கி தீர்க்காது. ஆயினும், மகள் சனியைக் கண்டு அடுக்கடுக்காகக் கேட்கும் கேள்விகளைப் பக்கத்தில் நிற்கும் தாய் கேட்பாள். அவற்றுக்கு விடைசொல்லும் ஆசிரியர் தம் ஊருக்கும் வேண்டுமென்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவள் எழுந்து சொல்லுவாள். அவ்வாறு சொல்லும் தாய்மார் பெருகினால், அந்தக் குரலைத் தள்ளிவிடுதல் எவருக்கும் எளிதாயிராது.