பிடி அரிசியும் கணக்குப் புத்தகமும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பதே ஒரு கொடையின் வட்டியில் நடப்பது. ஒருவர் முதலை வைத்துவிட்டுப் போகிறார். ஆண்டுதோறும் இன்னொருவர் வந்து பேசுகிறார். இப்படிப்பட்ட மேடையில் நின்றுகொண்டு, ஒரு சபையைத் தாங்குவது பெரிய கொடைகளைவிடச் சிறிய கொடைகளே என்று வாதாடுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றலாம். ஆனாலும் அதற்காகத்தான் வந்திருக்கிறேன். ஜனங்களுக்குக் கொடுக்கிற மனசு குறைந்துபோயிற்று என்ற அங்கலாய்ப்பு சேகரக் கமிட்டிகளில் அடிக்கடி எழுகிறது. மனசு குறையவில்லை என்பது என் கட்சி. கேட்கிற முறை கெட்டிருக்கிறது. கேட்டு வாங்கியதற்குக் கணக்குச் சொல்கிற முறை அதைவிடக் கெட்டிருக்கிறது. இரண்டும் சீரானால் ஏழைச் சபையும் தாராளமாகக் கொடுக்கும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

வசூலைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் விரிவாகப் பேசுகிற இடம், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8, 9 அதிகாரங்கள். எருசலேமில் வறுமைப்பட்டிருந்த விசுவாசிகளுக்காகப் பவுல் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் திரட்டுகிறார். பிரசங்கிகள் பெரும்பாலும் உற்சாகமாய்க் கொடுப்பவரைப் பற்றிய வசனத்தோடு நின்றுவிடுவார்கள். நிர்வாகப் பகுதியைத் தொடமாட்டார்கள். பணத்தைத் தம் உடன் ஊழியரான தீத்துவிடம் மட்டும் ஒப்படைக்கப் பவுலுக்கு மனமில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும், சோதித்துப் பார்த்த இன்னொருவரையும் கூடவே அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகை விஷயத்தில் ஒருவரும் குறை சொல்ல இடம் தரக் கூடாது, கடவுளுக்கு முன் மட்டுமின்றி மனிதருக்கு முன்பும் நேர்மை விளங்க வேண்டும் என்று காரணமும் எழுதிவைக்கிறார். அப்போஸ்தலரே தமக்குத் தணிக்கை வைத்துக்கொண்டார். முதல் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் உள்ள ஏற்பாடு இன்னும் கூர்மையானது. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்க வேண்டும். தாம் வந்தபிறகு வசூல் நடக்கக் கூடாது என்கிறார். நேரில் நின்று, உருக்கமாகப் பேசி, அந்தச் சூட்டில் வாங்குகிற வாய்ப்பைத் தாமே கைவிடுகிறார். நம்முடைய கன்வென்ஷன் மேடைகள் அந்த வாய்ப்பை நம்பித்தான் ஓடுகின்றன.

பவுலுக்குப் பின்னும் இந்த முறை தொடர்ந்தது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், வசதியுள்ளவர்கள் தாங்கள் நினைத்த அளவு கொடுத்தார்கள் என்றும், அது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது என்றும் எழுதுகிறார். ரோமாபுரியில் 250இல் துன்புறுத்தல் நடந்தது. அதில் ஆயர் பபியான் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பின் வந்த கொர்நேலியு, தம் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்துவருவதாகக் கடிதம் எழுதினார். அரசு ஆதரவு என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரு சபையின் பராமரிப்பு இது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். பாளையங்கோட்டையில் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, மிஷனெரி என்றால் கப்பலில் வந்திறங்குகிற வெள்ளைக்காரர் என்பதுதான் வழக்கு. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா. அவரே பின்னர் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அங்கே அவருடைய மந்தையில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா சமூகத்துக் கூலித் தொழிலாளர்கள். அவர்களும் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் அசரியா உறுதியாக இருந்தார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

சங்கத்துக்கும் சபைக்கும் இப்படிச் சேர்ந்த காணிக்கைகளில் பிடி அரிசியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உலை கொதிக்கிறது. வீட்டுக்காரி உழக்கால் அளந்து சுளகில் கொட்டுகிறாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கை அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கிற கலயத்தில் போடுகிறாள். அளந்தபிறகு அள்ளுகிறாள் என்பதுதான் இதில் விசேஷம். வீட்டாருக்கென்று வைத்த அளவில் அந்தப் பிடி குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை அது பையில் ஏறிக் கோவிலுக்குப் போகும். இன்னொன்றும் உண்டு. பணம் புருஷன் மடியில் இருந்த காலத்திலும் அரிசி அவள் கையில் இருந்தது. ஆகவே யாரையும் கேட்காமல் அவளால் கொடுக்க முடிந்தது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதே வழக்கத்தை 1910 முதல் நடத்திவருகிறார்கள். அந்தச் சபையின் மிஷன் ஊழியத்துக்கு நிலையாக வருகிற வரும்படிகளில் அதுவும் ஒன்று. மலைநாட்டுச் சமையற்கட்டுகளில் சேர்கிற அரிசி, தூர தேசத்து ஊழியர்களுக்குச் சம்பளமாகிறது.

இதோடு அறுப்பின் பண்டிகை ஏலத்தை ஒப்பிடலாம். ஒரு கோழிமுட்டை ஏலத்துக்கு வரும். எடுத்தவர் அதைத் திரும்பக் கொடுப்பார். மறுபடி ஏலம் போகும். கலகலப்பான நேரம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முட்டையைக் கொண்டுவந்த கிழவியின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் மூன்று தரம் கேட்கும். அந்த ஒரு நாள் வரவை நம்பி ஓராண்டு பட்ஜெட் போடுகிற சபை, நாலைந்து பணக்காரர்களின் முகத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கும்.

ஏழையிடம் கேட்பது நியாயமா என்பது வலுவான ஆட்சேபம். இரண்டு காசு போட்ட விதவையைக் காட்டி அதற்கு விடை சொல்லிவிடுகிறோம். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அவள் வருவதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அந்த வசனத்தைத் தவிர்த்துவிட்டு விதவையை மட்டும் எடுத்துக்கொள்ள வசூல்காரருக்கு உரிமை கிடையாது. ஏழையிடம் கேட்கலாம், ஆனால் அவளுக்கு ஆபத்து வருகிற நாளில் சபை அவளைத் தாங்கும் என்ற ஏற்பாடு இருக்க வேண்டும். மன்னாவை நினைவூட்டிப் பவுல் பேசுகிற சமநிலை அதுதான். இன்று ஒருவருடைய மிகுதி மற்றவருடைய குறைவுக்கு உதவினால், நாளை அது இந்தப் பக்கம் திரும்பி வரும்.

தசமபாகம் கட்டளையாயிற்றே, மல்கியாவில் ஆசீர்வாதமும் வாக்களிக்கப்பட்டிருக்கிறதே என்பார்கள். சரி. ஆனால் உபாகமம் 14இன்படி மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டு லேவியனுக்கும், கூடவே பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உணவானது. பத்தில் ஒன்றைக் கேட்கும்போது மல்கியாவைப் பிடித்துக்கொண்டு, செலவழிக்கும்போது உபாகமத்தை மறந்துவிடுவதை நான் ஏற்கவில்லை. பதில் லாபம் காட்டி விதைக் காணிக்கை கேட்கிறவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வட்டி எதிர்பார்த்துப் போடுகிற பணத்துக்குக் காணிக்கை என்ற பெயர் எதற்கு?

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாதே, கணக்கை வாசிப்பது அதற்கு முரண் இல்லையா என்ற கேள்வியையும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் போதனை கொடுப்பவருக்கு, வாங்குபவருக்கு அல்ல. கொடுத்தவர் பெயர் மறைந்திருக்கலாம், செலவு மறைந்திருக்கக் கூடாது. நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். மின்விசிறி இறக்கை வரைக்கும் உபயதாரர் பெயர் இருக்கிறது. போன ஆண்டு மருத்துவ உதவிக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டால் பொருளாளரைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பணத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு ஊழியத்தை விட்டுவிட முடியாது, இரண்டும் ஒரே வேர். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஏழு பேர் பந்திவிசாரணைக்கு நியமிக்கப்பட்டது ஒரு புகாரினால். அன்றாட விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசினவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் முறுமுறுப்பை அடக்கவில்லை. பொறுப்பாளர்களைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் எல்லாம் கிரேக்கப் பெயர்கள் என்பது கவனத்துக்குரியது. குறைப்பட்ட பக்கத்தின் கையிலேயே பொறுப்பு போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் சபைகளிலும் அசனத்துக்கு முந்தின இரவு காய் நறுக்கவும், மறுநாள் வாளி தூக்கிப் பரிமாறவும் வாலிபர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அதே வாலிபர்களிடம் விதவை உதவி நிதியின் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கலாம். உதவி பெறுகிற பெண்களில் இருவரைக் கமிட்டியில் சேர்க்கலாம். மாதக் கடைசி ஞாயிறு அறிவிப்பில் கட்டட நிதிக்கு முன்னால் அந்த நிதியின் வரவு செலவை வாசிக்கலாம். இதற்கெல்லாம் பேராயத்தின் சுற்றறிக்கை வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.