குடிசைப் பகுதியும் மருத்துவக் கல்விக்கூடமே

(சங்க உறுப்பினர்களும், மருத்துவ – செவிலியர் மாணவர்களும் சாணக்யபுரியில் கூடிய கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை.)



தூதரகங்களின் பேட்டையாகிய சாணக்யபுரியில் இன்று நாம் கூடியிருக்கிறோம். அகன்ற சாலைகளும் உயர்ந்த மதில்களும் கொண்ட இதே சாணக்யபுரியில்தான் சஞ்சய் கேம்பும் விவேகானந்த் கேம்பும் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீர் லாரி வந்து நின்றதும், அங்குள்ள மக்கள் குழாயும் குடமுமாக அதைச் சூழ்ந்துகொண்ட காட்சியை நாடே பார்த்தது. அங்கே ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லும் பாடப்புத்தகம். சரிதான். ஆனால் கரைப்பதற்கு நல்ல தண்ணீர் எங்கே என்று கேட்க மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அந்தக் கேள்வியை மக்கள் மத்தியில் இருந்துதான் கற்க முடியும்.

இது புதிய கருத்தல்ல. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கையே, இந்தியாவுக்குத் தேவை சமுதாய மருத்துவர் என்றது. நோய்த்தடுப்பிலும் சமுதாய மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1965 முதல் அரியானாவின் பல்லப்கரில் கிராம சுகாதாரத் திட்டத்தை நடத்தி, தன் பயிற்சி மருத்துவர்களை அங்கே அனுப்பி வருகிறது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற திட்டத்தை 1977இல் மத்திய அரசு கொண்டுவந்தது.

நம் தமிழகத்திலோ, ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் சாலையோரம் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. அவர் நிறுவிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1977 முதல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் மருத்துவத்தையும் சமூக மேம்பாட்டையும் சேர்த்து நடத்துகிறது. அதன் மாணவர்கள் கிராமத்தில் தங்கி, வீடுவீடாகச் சென்று படிக்கிறார்கள்.

அப்படியானால் குறை எங்கே? கிராமத்துக்குப் போவதனாலேயே மருத்துவக் கல்வி மக்கள் கல்வியாகிவிடாது. மாணவர் வருகிறார், வயது என்ன, வருமானம் என்ன, கழிப்பறை உண்டா என்று கேட்கிறார், ஏட்டில் எழுதிக்கொண்டு போகிறார். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார். மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது. பதில் சொன்ன தாய்க்கு என்ன கிடைத்தது?

இதற்கு மாற்று வழி காட்டியவர்கள், வேலூரில் படித்த ராஜ்னிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர். 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடுக்குச் சென்ற இவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலரைச் சுகாதார ஊழியர்களாக்கினார்கள். நாளடைவில் அந்தப் பெண்களே, வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்த மருத்துவர்களுக்கு ஆசிரியைகளானார்கள். பாடம் நடத்தும் உரிமை பட்டம் பெற்றவருக்கு மட்டும் சொந்தமன்று என்பதை ஜாம்கேடு நிலைநாட்டியது.

தோழர்களே! இப்போது நம் நிலைக்கு வருவோம். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல், எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் அவற்றின் நலனைக் கவனிக்கும் திட்டத்தைப் பாடத்தில் சேர்த்தது. நாம் வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் அது கிராமத்தையே முன்னிறுத்துகிறது. பிழைப்புக்காகக் கிராமத்தை விட்டு வந்து, டெல்லியில் வீட்டுவேலை செய்யும் நம் சகோதரி எந்தக் கணக்கில் வருவாள்? ஊரில் அவள் இல்லை. இங்கேயோ அவளைக் கிராமத்தவளாக யாரும் எண்ணுவதில்லை.

ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்பை எண்ணிப் பாருங்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி உடையவை என்றது அரசு. அந்த மாற்று வீடுகளும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில்! காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதமாவது வழக்கமாக மருந்து சாப்பிட வேண்டும். மூன்றாம் மாதத்தில் வீடு இடிந்தால், நான்காம் மாத மருந்தை யார் கையில் கொடுப்பார்கள்? பாதியில் நின்ற மருந்து நோயை முற்றச் செய்யும். வீடிழப்பதும் ஒரு நோய்க் காரணமே என்று எந்த மருத்துவ மாணவருக்கேனும் தேர்வில் கேள்வி வந்ததுண்டா?

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு:

ஒன்று: நகரக் குடிசைப் பகுதிகளில் வாழும் புலம்பெயர்ந்த உழைப்பாளிகளின் குடும்பங்களையும் தத்தெடுக்கும் குடும்பங்களாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டு: ஒரு குடும்பம் இடம்பெயர்த்தப்பட்டால், அதன் மருத்துவக் குறிப்புகளைப் புதிய இடத்துச் சுகாதார நிலையத்தில் ஒப்படைப்பது மாணவரின் பயிற்சியில் ஒரு பகுதியாக வேண்டும்.

மூன்று: மாணவருக்கு வழிகாட்டும் ஆஷா ஊழியருக்கும், அங்கன்வாடிப் பணியாளருக்கும், பகுதிப் பெண்களுக்கும் ஆசிரியருக்குரிய மரியாதையும் ஊதியமும் தரவேண்டும்.

நான்கு: மாணவருக்கு மதிப்பெண் இடும்போது, அவர் சென்று வந்த வீடுகளின் கருத்தையும் கேட்க வேண்டும்.

மாணவத் தம்பி தங்கையரே! இந்தியில் பேசிப் பழகிய நம் தாய்மார்களும் வலியைச் சொல்லும்போது தமிழுக்கு வந்துவிடுவார்கள். "அடிவயிறு பிசையுது", "நெஞ்சைக் கரிக்குது", "கிறுகிறுன்னு வருது" என்று அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளும் உங்களில் தமிழறிந்தவர்கள், அதைச் சக மாணவருக்கும் கற்றுக்கொடுங்கள். பிற மாநிலத்து உழைப்பாளிகள் பேசும் சொற்களை அவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்தின் கடமையும் உண்டு. மாணவர்கள் வரும் நாளில் கதவைத் திறப்பதோடு நில்லாமல், சென்ற முறை சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்கவும் நம் பெண்களைத் தயார்செய்ய வேண்டும். கேட்பதற்கு ஆளிருந்தால்தான் ஏட்டில் எழுதியது நாட்டில் நடக்கும்.