தீயணைக்கும் யந்திரத்தின் கதை

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசிய இம்மேடையிலே, நான் ஒரு வண்டியைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். இதைக் கேட்டுச் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகிறது. சிவப்பு நிறம் பூசி, மணியடித்துக்கொண்டு ஓடும் தீயணைக்கும் யந்திரமே அந்த வண்டி. மிஷன் பாடசாலையில் நான் படித்த காலத்தில், நூலகத்தின் மூலையிலே கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் குதிரைகள் பூட்டிய நீராவி யந்திரமொன்றின் படத்தைக் கண்டேன். அன்று பிடித்த ஆசை இன்றுவரை என்னை விடவில்லை.

இந்த ஆசை எனக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய தீயணைக்கும் யந்திரங்களைத் தேடி வாங்கி, பித்தளையை மினுக்கி, பம்பியைப் பழுது பார்த்து, மீண்டும் நீர் பாய்ச்சிப் பார்த்து மகிழும் ஆர்வலர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றுகூடினால் ஒரு கேள்வி எழாமல் இராது. உண்மையான முதல் தீயணைக்கும் யந்திரம் எது? ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், மற்றவர் மறுப்பார். அக்கேள்விக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடையைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பம்பியைப் பார்ப்போம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்திலுள்ள அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் என்ற கிரேக்கர் வாழ்ந்தார். அவர் ஒரு நாவிதரின் மகன் என்பர். நீரை உந்தித் தள்ளும் பம்பியை அமைத்த பெருமை அவருக்கு உரியது. உரலும் உலக்கையும் போல ஓர் உருளையும் அதனுள்ளே ஒரு முசலமும் இருக்கும். முசலம் மேலெழும்போது நீர் உள்ளே வரும். கீழிறங்கும்போது நீர் வெளியே தள்ளப்படும். வந்த வழியே திரும்பிப் போகாதபடி வால்வு தடுக்கும். இத்தகைய உருளைகள் இரண்டை ஒரு துலாவின் இரு முனைகளிலும் பொருத்தினால், ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றது தள்ளும். அலெக்சாந்திரியாவின் ஹீரோ என்பவர் பின்னாளில் இத்தகைய இரட்டைப் பம்பியைத் தீயணைப்பதற்கென்றே விவரித்து எழுதி வைத்தார்.

ஆகவே தத்துவம் அன்றே இருந்தது. ஆயினும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரம் எரிந்தபோது, மக்கள் கையில் பெரும்பாலும் இருந்தவை தோல் வாளிகளும், கையாலே பிடித்து அடிக்கும் பீச்சாங்குழல்களும், வீடுகளை இழுத்து வீழ்த்தும் நீண்ட கொக்கிகளுமே. ஓர் அப்பக் கடையில் தொடங்கிய நெருப்பு நாலு நாட்களில் 13,200 வீடுகளையும் 87 கோயில்களையும் விழுங்கிற்று. அறிவு ஏட்டிலே இருந்தது. நெருப்போ வீதியிலே இருந்தது.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஒல்லாந்து தேசத்து ஓவியர் ஒருவர். அம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்த யான் வான் டெர் ஹைடன் என்பவரும் அவர் சகோதரரும் 1672ஆம் ஆண்டளவில் தோலைத் தைத்து, வளையக்கூடிய நீண்ட குழாயை ஆக்கினார்கள். அதற்கு முன்னர் நீர் பீச்சும் குழல் யந்திரத்தின் தலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. யந்திரத்தை எரியும் வீட்டின் முன்னே தள்ளிச் சென்று, தூரத்திலிருந்து குறிபார்த்துப் பீச்சவேண்டும். சுவரிலே நீர் படும். உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். தோற்குழாய் வந்த பிறகு யந்திரம் கால்வாய்க் கரையிலே நின்றது. மனிதன் குழாயை ஏந்திக்கொண்டு நெருப்பு இருக்கும் இடத்துக்கே சென்றான். ஓவியராக உலகம் அறிந்த அவர், 1690ஆம் ஆண்டு தம் யந்திரங்களைப் பற்றிப் படங்களுடன் ஒரு நூலும் வெளியிட்டார்.

இங்கிலாந்திலே பொத்தான் செய்யும் தொழிலாளியான றிச்சேட் நியூஷம் என்பவர் 1721ஆம் ஆண்டிலும் 1725ஆம் ஆண்டிலும் தம் யந்திரங்களுக்கு உரிமை பெற்றார். ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் இழுத்துச் செல்லக்கூடியவாறு அவை நீண்டு ஒடுங்கியிருந்தன. இரு பக்கமும் நின்று கைபிடியை ஏற்றி இறக்குவோரும், மேலே நின்று காலால் மிதிப்போரும் ஒருங்கே உழைத்தனர். நடுவிலே காற்று அடைத்த ஒரு பாத்திரம் இருந்தது. நீர் உள்ளே வரும்போது அக்காற்று அமுங்கும். பம்பி ஓய்கிற கணத்தில் அமுங்கிய காற்று விரிந்து நீரைத் தள்ளும். விட்டு விட்டுப் பாய்ந்த நீர் இதனாலே தொடர்ந்து பாய்ந்தது. 1731ஆம் ஆண்டு நியூயோர்க் நகரம் நியூஷமின் யந்திரங்கள் இரண்டைக் கடல் கடந்து வருவித்தது.

அன்பர்களே, இதுவரை யந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். இனி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்.

அவர் எடின்பரோ நகரத்தவர். 1824ஆம் ஆண்டு அந்நகரத் தீயணைக்கும் படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 24. எங்களிலே பலருடைய வயது! பதவியேற்றுச் சில வாரங்களில் எடின்பரோ பெருந்தீ மூண்டது. படைக்கு இன்னும் பயிற்சி போதவில்லை. நகரின் ஒரு பகுதி அழிந்தது. அந்தத் தோல்வி அவரை ஒடுக்கவில்லை. கூரை வேய்வோர், தச்சர், கொத்தர் முதலிய தொழிலாளரைத் தெரிந்தெடுத்தார். வீடு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவனுக்கே அது எப்படி விழும் என்பதும் தெரியும். விடியுமுன் இருட்டிலே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வீதியில் நின்று பீச்சாதே, உள்ளே புகுந்து நெருப்பின் அடியிலே நீரைப் பாய்ச்சு என்பது அவருடைய முதல் விதி. 1830ஆம் ஆண்டு தம் அனுபவத்தை நூலாகவும் எழுதினார்.

இலண்டனிலோ ஒவ்வொரு காப்புறுதிக் கம்பனியும் தனித்தனிப் படை வைத்திருந்தது. 1833ஆம் ஆண்டு கம்பனிகள் பல ஒன்றுசேர்ந்து ஒரே படை அமைத்தபோது, பிரெய்ட்வுட்டையே அழைத்துத் தலைவராக்கின.

இனித்தான் கதையின் முடிச்சு வருகிறது. 1829ஆம் ஆண்டு இலண்டனில் ஜோன் பிரெய்த்வெயிற், ஜோன் எரிக்சன் என்ற இரு பொறியியலாளர் நீராவியால் இயங்கும் தீயணைக்கும் யந்திரத்தை ஆக்கினர். எரிக்சனுக்கு அப்போது வயது 26. மறு ஆண்டு, கடுங்குளிரான ஓர் இரவில் ஆர்கைல் மண்டபம் தீப்பற்றியபோது, கைப் பம்பிகள் உறைபனியால் நின்றுவிட, இந்த யந்திரம் மணிக்கணக்காக ஓயாது வேலை செய்தது. ஆனால் இலண்டன் படை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் வரை ஏற்றுக்கொள்ளவில்லை! அதற்குப் பதிலாகத் தெருவிலே கூடி நின்ற மக்களை அழைத்து, முதல் மணித்தியாலத்துக்கு ஒரு சிலிங்கும் பிறகு மணிக்கு ஆறு பென்சும் கொடுத்து, இடையிடையே பியர் வார்த்துப் பம்பியடிப்பித்தார்கள். பியர் வராவிட்டால் பம்பியும் நிற்கும்!

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. புதுமையைக் கண்டால் பழையவர் வெறுப்பர், இது எங்கும் உள்ள கதைதான் என்று எண்ணினேன். வாலிபர் சிலர் இப்போது தலையசைப்பதையும் காண்கிறேன். ஆனால் மேலும் படித்தபோது இரண்டு செய்திகள் என்னைத் தடுத்து நிறுத்தின.

முதலாவது, 1833ஆம் ஆண்டு பிரெய்ட்வுட் கிழவர் அல்லர். வயது முப்பத்து மூன்றுகூட நிறையவில்லை. புதுமையை மறுப்பதற்கு நரை வேண்டியதில்லை. இரண்டாவது, அவருடைய மறுப்பில் நியாயமும் இருந்தது. யந்திரம் பாரமானது, வீதிக் குழாய்களோ அதற்குப் போதிய நீர் தரவல்லன அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, வலிய நீர்த்தாரை கையிலிருந்தால் வீரர்கள் வெளியே நின்று பீச்சத் தொடங்குவர். உள்ளே புகும் துணிவையும் பயிற்சியையும் இழப்பர் என்று அவர் அஞ்சினார். ஒரு கருவி மனிதனின் கையை வலுப்படுத்தும்போதே அவன் நெஞ்சைத் தளர்த்தவும் கூடும் என்பதை அவர் கண்டிருந்தார்.

ஆயினும் அவர் கணக்கில் ஒரு குறை இருந்தது. நகரம் வளர்ந்தது, பண்டசாலைகள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன. மனிதன் உள்ளே புகமுடியாத நெருப்பும் உண்டல்லவா? 1853ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் நீராவி யந்திரத்தையும் சம்பளம் பெறும் படையையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டது. இலண்டன் படைக்குப் பிரெய்ட்வுட்டின் கடைசிக் காலத்திலேதான் தரையில் ஓடும் நீராவி யந்திரம் வந்து சேர்ந்தது.

1861ஆம் ஆண்டு ஜூன் 22ஆந் திகதி, தேம்ஸ் நதிக்கரையில் ரூலி வீதிப் பண்டசாலைகள் தீப்பற்றின. பஞ்சு, சணல், சீனி, கொழுப்பு ஆகியன அங்கே குவிந்திருந்தன. நெருப்பைத் தடுத்து நிறுத்தவென்று இரும்புக் கதவுகள் அமைக்கப்பட்டிருந்தன. பிரெய்ட்வுட் ஓயாது வற்புறுத்திய ஏற்பாடு அது. ஆனால் அக்கதவுகளை யாரோ மூடாது விட்டிருந்தனர். களைத்துப்போன தம் வீரர்களிடையே சென்று அவர்களுக்கு ஊக்கமளித்துக்கொண்டிருந்த வேளையில், ஒரு சுவர் இடிந்து அவர்மேல் விழுந்தது. அறுபது வயதான அத்தலைவர் அங்கேயே உயிர் நீத்தார். அந்நெருப்பு முற்றாக அவிய இரண்டு வாரங்கள் சென்றன. அவருடைய இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீண்டதாம்.

தலைவர் வெளியே நில்லாது நெருப்பின் அருகே நிற்க வேண்டும் என்று சொன்னவர், அப்படியே நின்று மாண்டார். அவர் நீராவி விஷயத்தில் தவறியிருக்கலாம். தம் கடமையில் தவறவில்லை. இதை அறிந்த பின்னர் என் கோபம் அடங்கிற்று.

1866ஆம் ஆண்டு இலண்டனின் தீயணைப்புப் பொறுப்பு கம்பனிகளிடமிருந்து பொது நிருவாகத்துக்கு மாறிற்று. கப்டன் ஷோ என்பவரின் தலைமையில் நீராவி யந்திரங்கள் பெருகின. பிரெய்ட்வுட் வகுத்த பயிற்சியும் அவர் மறுத்த யந்திரமும் அப்போதுதான் கைகோத்தன.

பிறகு பெற்றோல் மோட்டார் வந்தது. 1904ஆம் ஆண்டு இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஃபின்ச்லி என்ற ஊருக்கு மெரிவெதர் கம்பனி செய்து கொடுத்த யந்திரத்தில், வண்டியை ஓட்டிய அதே மோட்டாரே பம்பியையும் இயக்கிற்று. 1908ஆம் ஆண்டு டெனிஸ் கம்பனி பிறாட்ஃபோட் நகருக்குக் கொடுத்த வண்டியில் முசலப் பம்பிக்குப் பதிலாகச் சுழலும் மையநீக்கப் பம்பி அமைந்தது. உள்ளே சக்கரமொன்று வேகமாகச் சுழன்று நீரை விளிம்புக்கு வீசும், அவ்வேகமே அழுத்தமாகும். ஆனால் இப்பம்பி தானாகக் காற்றை இழுக்கமாட்டாது. முதலில் அதன் வயிற்றிலே நீர் நிரப்ப வேண்டும். இன்றும் இத்தகைய வண்டிகள் பலவற்றில் அதற்கென ஒரு சிறு கருவி உண்டு.

அதே 1904ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தது. உதவி கேட்டுத் தந்தி பறந்தது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயோர்க்கிலிருந்தும் யந்திரங்கள் விரைந்து வந்தன. வந்தென்ன? அவற்றின் குழாய்களிற் பல பால்டிமோர் வீதிக் குழாய்களோடு பொருந்தவில்லை! ஒவ்வொரு நகரமும் தனக்கென ஓர் அளவும் புரியும் வைத்திருந்தது. கருவி இருந்தது, நீர் இருந்தது, வீரர் இருந்தனர். இரண்டு பித்தளை வளையங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமையால் அயலூரார் பலர் கைகட்டி நிற்க நேர்ந்தது. 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அதன் பின்னரே பொது அளவொன்று வகுக்கப்பட்டது.

இனி முதற் கேள்விக்கு வருகிறேன். உண்மையான முதல் தீயணைக்கும் யந்திரம் எது? தெசிபியஸின் பம்பியா, நியூஷமின் வண்டியா, எரிக்சனின் நீராவியா, ஃபின்ச்லியின் மோட்டாரா? இவற்றுள் எதுவும் தனியே தீயை அணைக்கவில்லை என்பதே என் விடை. பயின்ற மனிதன், தகுந்த கருவி, பொருந்தும் இணைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய இடத்திலேதான் தீயணைக்கும் யந்திரம் பிறந்தது. மூன்றில் ஒன்று குறைந்த இடத்தில், மற்ற இரண்டும் எவ்வளவு சிறந்தாலும், ஊர் எரிந்தது.

வாலிப நண்பர்களே, நாம் புதிய கருவியை ஏந்தி வருகிறோம். அதை மறுக்கும் பெரியவரைக் கண்டவுடன் ஏளனஞ் செய்யாது, அவர் எதைக் காக்க விரும்பி மறுக்கிறார் என்று ஒருமுறை கேட்போம். பெரியோர்களே, நீங்கள் எங்களுக்குப் பயிற்சியைத் தாருங்கள். ஆனால் கருவியை முப்பது ஆண்டுகள் வாசலிலே நிறுத்தி வைக்காதீர்கள். நமக்குள் இருக்கும் இணைப்பை நெருப்பு வந்த அன்று பொருத்திப் பார்க்க முடியாது. அதை இன்றே, அமைதியாக இருக்கும் வேளையிலேயே, பொருத்திப் பார்க்க வேண்டும்.