தொழிற்பயிற்சியும் மதிப்பீட்டாளர் கடமையும்
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கூரைக் கொட்டகையில் மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கல்விச் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இவ்விழாவில் தொழிற்கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சிறிது தயங்கினோம். நாமோ பி.ஏ., பி.எட். பட்டம் பெற்று, சுண்ணக்கட்டியும் கரும்பலகையுமாகவே முப்பதாண்டுகளைக் கழித்தோம். திருப்புளி பிடித்துப் பழகாத கை நம் கை. ஆயினும், தொழிற்பயிற்சித் துறையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, ஆசிரியராகிய நமக்கே ஆசானாக அமைந்தது. அதை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே இவ்விழாவிற்கு நாம் செலுத்தும் காணிக்கை என்று கருதி வந்திருக்கிறோம்.

தொழிற்கல்வியைப் பற்றிப் பேசுவோர் பயிற்சியைப் பற்றிப் பேசுவர். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவர். இவ்விரண்டிற்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். பயிற்சி முடித்தவன் உண்மையிலேயே தொழில் கற்றானா என்று பார்த்துக் கையொப்பம் இடுபவர் அவர். அவரையே மதிப்பீட்டாளர் என்கிறோம். அவர் பணி எத்தகையது, அதில் நம் சமுதாயத்திற்கு என்ன பங்கு உண்டு என்பதே நம் பொருள்.

முதலில் சிறிது பழங்கதை. முற்காலத்தில் தொழில் என்பது குலவழி வந்தது. தச்சன் மகன் தந்தையின் உளியடியில் கற்றான். கொல்லன் மகன் துருத்தியடியில் கற்றான். விரும்பினாலும் அந்தப் பட்டறைகளில் படியேறிக் கற்கும் வாய்ப்பு நம் முன்னோர்க்கு இல்லை. அவர்கள் தொழில் அறியாதவர்களா? ஏர் உழுதனர், கிணறு வெட்டினர், தோல் பதனிட்டனர். ஏரி மதகைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று பிசகாமல் பகிர்ந்து கொடுத்த நீர்க்கட்டிகள் நம் தெருக்களில் பிறந்தவர்களே. ஆயின் அந்தத் திறனை எவரும் சோதித்துப் பார்த்து, 'இவர் இத்தொழில் வல்லார்' என்று தாளில் எழுதித் தரவில்லை. தாளில் ஏறாத திறன் நாட்கூலியாகவே கழிந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். கலைக்கல்வி மட்டும் போதாது, தொழில்நுட்பக் கல்வியும் நம் மக்களுக்குக் கிட்ட வேண்டும் என்று அக்காலத்திலேயே அவர் வாதாடினார். விடுதலைக்குப் பின் 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. இதன் பெருமையை நம் இளைஞர்கள் உணர வேண்டும். தொழில் கற்க விரும்பும் இளைஞனும் தொழிற்சாலையும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். அரசு அதைப் பதிவு செய்கிறது. யார் மகன் என்று கேட்டுக் கற்பித்த இடத்தில், ஒப்பந்தத்தாளைப் பார்த்துக் கற்பிக்கும் முறை வந்தது. 1973இல் செய்த திருத்தத்தால் 3அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மக்கள்தொகையைக் கருதிப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் கடமை தொழில் நடத்துவோர்க்கு உண்டாயிற்று. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, பயிற்சி முடித்தோர்க்குத் தேர்வும் சான்றிதழும் உண்டு என்கிறது.

இட ஒதுக்கீடு நம் பிள்ளையைப் பட்டறைக்குள் கொண்டு சேர்க்கிறது. அங்கே அவன் கற்ற தொழில் நேர்மையாகச் சோதிக்கப்பட வேண்டும் என்பதும் அதே அளவு நம் உரிமை. முதல் உரிமைக்காகக் குரல் கொடுக்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இனி மதிப்பீட்டாளரின் வேலையைப் பார்ப்போம். மின்பணியாளர் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மாடிப்படி விளக்கு ஒன்றைக் கீழிருந்தும் மேலிருந்தும் ஏற்றவும் அணைக்கவும் இயல வேண்டும். அருகில் மூன்று துளைச் சாக்கெட் ஒன்று அமைய வேண்டும் என்று வரைபடம் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பலகை, கம்பி, சுவிட்சு, கருவிகள் எல்லார்க்கும் ஒரே தரத்தில் உள்ளனவா என்று மதிப்பீட்டாளர் முதலில் பார்க்கிறார். ஒருவனுக்கு மழுங்கிய குறடும் மற்றவனுக்குப் புதுக் குறடும் கொடுத்துவிட்டு இருவரையும் ஒப்பிடுவது முறையன்று. வேலை தொடங்கியபின் அவர் எவர் தோளின் மீதும் குனிந்து நின்று அச்சுறுத்துவதில்லை. எட்ட நின்று பார்க்கிறார். கம்பியின் மேலுறையைச் சீவும்போது செம்பில் கத்தி படுகிறதா? சுவிட்சு பேஸ் கம்பியில் அமைந்ததா, நியூட்ரலில் அமைந்ததா? நியூட்ரலில் அமைந்தாலும் விளக்கு அணையத்தான் செய்யும். ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் மின்சாரம் உயிரோடு காத்திருக்கும். பல்பு மாற்றக் கை வைப்பவன் கதி என்ன?

வேலை முடிந்தபின் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதில்லை. 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்துக் கம்பிகளின் மின்காப்பைச் சோதிக்க வேண்டும். எர்த் இணைப்பு தொடர்ச்சியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே மின்சாரம். இறுதியில் வாய்மொழி வினா: 'இதை ஏன் இப்படிச் செய்தாய்?' செய்யத் தெரிந்தவன் ஆங்கிலச் சொல் தெரியாமல் திகைத்து நின்றால், அவனறிந்த தமிழில் வினவி விடை பெறுவதும் மதிப்பீட்டாளர் கடமையே. சோதிப்பது தொழிலை, நாவின் நாகரிகத்தை அன்று.

இப்போது நம் குறையைச் சொல்கிறோம்.

நம் தெருவில் பிறந்து, நம்மினும் சில ஆண்டுகள் மூத்தவராய், ஒரு தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்ந்து, மின்பணியில் தேர்ந்து, பயிற்றுநராகி, பின்னர் மதிப்பீட்டாளராகவும் விளங்கிய ஒருவர் உண்டு. பெயர் சொல்வதை அவர் விரும்பார். அண்ணன் என்றே நாம் அழைப்போம். சில ஆண்டுகளுக்கு முன், நம் பள்ளியில் படித்த ஒரு மாணவன், நம் சமுதாயத்துப் பிள்ளை, பழகுநர் பயிற்சி முடித்துச் செய்முறைத் தேர்வு எழுதினான். தந்தையில்லாதவன், தாய் களையெடுத்துக் காப்பாற்றிய பிள்ளை. அன்று மாலை அழுதுகொண்டே வந்தான். "ஐயா, விளக்கெல்லாம் எரிந்தது. சாக்கெட்டில் எர்த் கம்பியை மட்டும் திருகில் முடுக்க மறந்துவிட்டேன். தேர்வாளர் உங்களுக்குத் தெரிந்தவர்தானாமே" என்றான்.

இரவோடு இரவாக அண்ணன் வீட்டிற்குச் சென்றோம். தலைமையாசிரியர் என்ற மதிப்பையும், ஒரே தெருவில் பிறந்த உறவையும், அந்தத் தாயின் கண்ணீரையும் ஒன்றாகத் திரட்டிப் பேசினோம். "அண்ணே, நம்ம பிள்ளை. விளக்கு எரிகிறது, சாக்கெட்டில் மின்சாரம் வருகிறது. ஒரு திருகாணிக்காக ஓர் ஏழையின் வாழ்வைத் தள்ளிவிடலாமா?" என்றோம்.

மதிப்பெண்ணைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சொம்பில் நீர் கொடுத்து, நாம் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தம்பி, எர்த் கம்பி இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், விசிறி சுற்றும், ஒருவருக்கும் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் இயந்திரத்தின் உள்ளே கம்பி பழுதாகி இரும்பு உடலில் மின்சாரம் ஏறும்போதுதான் தெரியும். பிளக்கில் எர்த் முள்ளை மட்டும் ஏன் நீளமாகச் செய்திருக்கிறார்கள்? சொருகும்போது அது முதலில் பொருந்த வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விடுபட வேண்டும். ஆளின் உயிருக்கு அவ்வளவு காவல். இவன் நாளைக்கு எந்த வீட்டிற்கு ஒயரிங் செய்யப் போகிறான்? நம்ம காலனி வீடுகளுக்குத்தானே முதலில் கூப்பிடுவார்கள்? ஈரக் கையோடு மாவரைக்கும் இயந்திரத்தைத் தொடப்போகிறவள் அவன் அம்மாவாகவே இருக்கலாமே" என்றார்.

நமக்கு விடை தோன்றவில்லை. எனினும் விடாமல், "உங்களுக்கு மனம் இல்லையா, அண்ணே?" என்று கேட்டுவிட்டோம். அப்போது அவர் சொன்னதைத்தான் நாம் இன்றுவரை மறக்க இயலவில்லை.

"நான் தேர்வெழுதிய அன்று, வந்தவர் என் பலகையருகே நின்று முதலில் கேட்டது ஒயரிங்கைப் பற்றியன்று. 'எந்த ஊர்?' என்றார். சொன்னேன். 'ஊரில் எந்தத் தெரு?' என்றார். அதையும் சொன்னேன். மெக்கர் அவர் கையிலேயே இருந்தது. என் பலகையில் அதை வைக்கவே இல்லை. ஏதோ எழுதிக்கொண்டு அடுத்தவனிடம் போய்விட்டார். அந்த முறை நான் தேறவில்லை. என் வேலை சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தம்பி. அன்றைக்கு என் தெருவைப் பார்த்தார்கள்; வேலையைப் பார்க்கவில்லை. இன்றைக்கு நீங்களும் அதையேதான் என்னிடம் கேட்கிறீர்கள்."

தலை குனிந்து வீடு திரும்பினோம். முப்பதாண்டு விடைத்தாள் திருத்திய கை அன்று கூசிற்று. அநீதியாகக் குறைத்த மதிப்பெண்ணும் பரிவினால் கூட்டிய மதிப்பெண்ணும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இரண்டிலும் பிள்ளையின் வேலையை ஒருவரும் பார்க்கவில்லை. முன்னது அவனை வெளியே நிறுத்தும். பின்னது அவனை உள்ளே அனுப்பி, 'இவர்கள் இப்படித்தான் வந்தவர்கள்' என்ற ஏச்சுக்கு இரையாக்கும். உழைத்துத் தேறிய நம் பிள்ளைகள் அனைவர் சான்றிதழையும் அது கறைப்படுத்தும்.

அந்தப் பிள்ளை அம்முறை தேறவில்லை. நெடுநாள் நம்மோடு பேசவும் இல்லை. பின்னர் மறுதேர்வு எழுதி வென்றான். பின்னொரு நாள் நம் பள்ளிக் குடிநீர் மோட்டார் பழுதானபோது அவனே வந்தான். பெட்டியைத் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எர்த் எங்கே ஐயா?" என்பது. தேடினோம், இல்லை. எத்தனையோ பிள்ளைகள் கை வைத்த மோட்டார் அது. அன்று மாலைக்குள் எர்த் அமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சென்றான்.

இளைஞர்களே! வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துத் துலாக்கோலை உவமை காட்டினார். அத்துலாக்கோலின் நடுமுள் பிசகியதால் தலைமுறை தலைமுறையாக இழந்தவர்கள் நாம். அதனால் அது நேராக நிற்க வேண்டுமென்ற அக்கறை நமக்கே மிகுதியாக இருக்க வேண்டும். அதற்கு வழி, நம்மவரும் அந்த நாற்காலியில் சென்று அமர்வதே. தொழிற்சான்று பெறுங்கள், சில ஆண்டுகள் களத்தில் உழையுங்கள், கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் பயிற்றுநர் கல்வி பெறுங்கள், மதிப்பீட்டாளர்க்குரிய பயிற்சியும் சான்றும் பெறுங்கள். 1956 முதல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு ஆற்றிவந்த ஒழுங்குமுறைப் பணி, 2018இல் அமைந்த தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமத்திடம் வந்துள்ளது. மதிப்பீடு செய்யும் நிறுவனங்களுக்கு ஏற்பு வழங்குவதும் கண்காணிப்பதும் இன்று அதன் பொறுப்பு. ஏட்டில் கல்லாமல் களத்தில் கற்ற கொத்தனாரையும் மின்பணியாளரையும் சோதித்துச் சான்று தரும் முறையும் 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில் இடம் பெற்றது. நம் தந்தையர்க்குக் கிட்டாத தாள் அது. அதை எழுதும் கை நேர்மையான கையாக இருக்க வேண்டாமா?

இப்போது பழகுநராக இருப்போர்க்குச் சில சொற்கள். உங்கள் ஒப்பந்தத்தின் படி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஒவ்வொரு நாளும் கற்ற வேலையைக் குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரின் கையொப்பம் பெறுங்கள். பெருக்கவும் தேநீர் வாங்கவும் மட்டுமே உங்களை ஏவுவார்களாயின் அக்குறிப்பேடே சாட்சி. இறுதித் தேர்வை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். கிடைத்த கூலியில் மயங்கிச் சான்றிதழைக் கைவிட்டவர் நம்மில் பலர்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நினைவாகக் கட்டடமோ வளைவோ எழுப்புவது இருக்கட்டும். மாலை வகுப்பு நடக்கும் இடத்தில் நான்கு மரப்பலகைகள், சில கருவிகள், ஒரு மெக்கர் வாங்கி வைப்போம். தேர்வுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே ஒரு முன்தேர்வு நடத்துவோம். சோதிக்க அண்ணன் வர இசைந்திருக்கிறார். வரைபடம் படிக்கவும் கணக்குப் போடவும் கற்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். அங்கே எவரும் எவரையும் 'எந்தத் தெரு?' என்று கேட்கப்போவதில்லை. 'நம்ம பிள்ளைதானே' என்று விட்டுவிடப்போவதும் இல்லை. ஒவ்வொரு பலகையிலும் மெக்கரை வைத்தே பார்ப்போம்.