பொகலூசாவின் இரவுக் காவல்



தற்காப்புக்காகக் குடிமக்கள் ஆயுதம் ஏந்தலாமா என்று பேசச் சொன்னீர்கள். போலீஸ் கைவிட்ட ஓர் ஊரில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில், பொகலூசா. காகித ஆலையை நம்பிப் பிழைத்த ஊர். அந்த ஆலையின் கறுப்பினத் தொழிலாளி ராபர்ட் ஹிக்ஸ். 1965 பிப்ரவரி 1. சம உரிமைப் போராட்டத்துக்குத் துணையாக வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் இருவர் அவர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. ‘வெள்ளையர் கும்பல் ஒன்று திரளுகிறது, இவர்களை ஊரை விட்டு அனுப்பிவிடு’ என்கிறது போலீஸ். அப்படியானால் பாதுகாப்புக் கொடுங்கள் என்றால், கையை விரித்துவிடுகிறது!

விருந்தாளிகளை வெளியே தள்ள அந்தக் குடும்பத்துக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் துப்பாக்கியோடு வந்து வீட்டைக் காத்து நின்றார்கள். கும்பல் அன்று வரவேயில்லை.

அந்த மாதமே, முந்தைய ஆண்டு அதே மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில் தோன்றிய 'தற்காப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்' அமைப்புக்குப் பொகலூசாவில் கிளை வந்தது. போர்முனை கண்ட முன்னாள் ராணுவத்தினர் பலர் அதில் சேர்ந்தார்கள். வாக்கி டாக்கியோடு இரவில் தெருவைச் சுற்றினார்கள், ஊர்வலத்துக்குக் காவல் போனார்கள். ஜூலையில், ஊர்வலத்தின்போது நடந்த தாக்குதலில், தாக்கியவர்களில் ஒருவரைச் சுடவும் நேர்ந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். பழிவாங்க யார் வீட்டுக்கும் அவர்கள் போகவில்லை. நான் அவர்களை மதிப்பது இதற்காகத்தான்.

ஆனால் தோழர்களே, துப்பாக்கி மட்டும் போதுமா? அதே வட்டாரத்தில் முதன்முதலாகத் துணை ஷெரீப் பணியில் அமர்த்தப்பட்ட கறுப்பினத்தவர் இருவரில் ஒருவர் ஓனீல் மூர். சட்டமே ஆயுதம் கொடுத்த அதிகாரி. 1965 ஜூன் 2 அன்று ரோந்து வண்டியிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆயுதம் அந்த மக்களின் உயிரைக் காத்தது, உண்மை. ஊரின் நிலையை மாற்றியது வழக்கு. ஹிக்ஸ் நீதிமன்றப் படி ஏறினார். எதிராளி யார்? ஊரின் போலீஸ் தலைவர் கிளாக்ஸ்டன் நைட்! போராடுகிறவர்களைத் தாக்குதலிலிருந்து பாதுகாப்பது போலீசின் கடமை என்று 1965 ஜூலை 10 அன்று கூட்டாட்சி நீதிபதி ஹெர்பர்ட் கிறிஸ்டன்பெரி உத்தரவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில், அங்கிருந்த வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானின் வன்முறைக்கும் நீதிமன்றம் தடை போட்டது.

உயிருக்கு ஆபத்து வந்தால் தன்னைக் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் காட்டி அரசு தன் கடமையைக் கை கழுவ விடக் கூடாது. உங்கள் ஊர்க் காவல் நிலையம் புகாரை வாங்க மறுத்தால் சும்மா திரும்பிவராதீர்கள். எழுதிக் கொடுங்கள், ரசீது கேளுங்கள், மேலதிகாரியிடம் போங்கள், அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.