ஒரு மணி நேரத்தில் விடை

படவேட்டில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

காசநோய்க் கிருமி மகா சோம்பேறி. சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும்; எந்த மருந்துக்கு அடங்காது என்று அறிய மேலும் காத்திருக்க வேண்டும். அதற்குள் வீட்டில் நாலு பேருக்குப் பரவிவிடலாம்.

பெங்களூரு, கோவா ஆட்கள் உருவாக்கிய ட்ரூநாட் கருவி, சளியிலிருந்து கிருமியின் டிஎன்ஏவைப் பிரித்து, சின்னஞ்சிறு சிப்பில் சோதிக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிருமி உண்டா என்று தெரியும். இருந்தால், இன்னொரு சிப்பில் இன்னொரு மணி நேரம்: ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடும். மற்ற மருந்துகளுக்குத் தனிச் சோதனைகள் தேவைதான். பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் இதைப் பரிந்துரைத்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் சோதனை இலவசம். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளியைக் கொடுங்கள், எச்சில் உதவாது.