கையெழுத்து யாருக்கு?

(படித்த தலித் இளைஞர்கள், ஊழியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

"நல்ல வேலையை ஏன் விட்டீங்க?"ன்னு வந்ததிலேர்ந்து கேக்குறீங்க. அதையே பேசிடுறேன்.

நான் சிவில் இன்ஜினியர். 1996இல் அரசு வேலையில் சேர்ந்தேன். எங்க தெருவின் முதல் ஆபீசர். எங்க காலனிக்குக் குடிதண்ணிக் குழாய் போட மூணு தடவை எஸ்டிமேட் போட்டேன். மூணு தடவையும் நிதி இல்லைன்னு திரும்பி வந்துச்சு. நாலாவது தடவை நிதி வந்தது. குழாய் ஊர்த்தெருவோட நின்னுபோச்சு. வேலை முடிந்தது என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்து என்னுது. மேலதிகாரி சொன்னார், போட்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

அண்ணல் சட்டம் எழுதியதைப் பேசுகிறோம். அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்று பேசுவதில்லை. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார். தங்க இடமில்லை, பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர். 1920இல் அதையும் விட்டு, லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். 1923இல் திரும்பி வக்கீல் தொழிலில் இறங்கினார். யாருக்கும் கைகட்டி நிற்காத தொழில். ஆனால் தீண்டப்படாத வக்கீலிடம் கேஸ் கொடுக்க எத்தனை பேர் வருவான்? 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் நடத்தினார். அந்த ஆண்டுகளில்தான், 1927இல், மகாட் குளத்துப் போராட்டம். குளத்துத் தண்ணீரை அள்ளிய கைக்குப் பின்னால் ஒரு வாத்தியார் சம்பளமும் இருந்தது தோழர்களே!

வயிற்றுக்கு ஒரு வழி, வாய் திறக்க ஒரு வழி. இரண்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். நான் ரெண்டு வருஷம் போட்டேன். வீட்டுக் கடனை அடைத்தேன். மகள் படிப்பை முடித்தாள். 2018இல் விருப்ப ஓய்வு. 2003 ஏப்ரலுக்கு முந்திச் சேர்ந்ததால் எனக்குப் பழைய பென்ஷன். வாரத்தில் மூணு நாள் வீட்டுப் பிளான் வரைகிறேன். மத்த நாள் காலனி காலனியாகப் போகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எம்-புக் நகல் வாங்குகிறோம். டேப்பைப் பிடித்து நம்ம பிள்ளைகளே அளக்கிறார்கள். அதில் எழுதியிருக்கிற நீளமும் மண்ணில் இருக்கிற நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம்.

பின்னாடி வேலைக்கு வந்த தம்பிகளே, உங்க கணக்கு வேற. என்னைப் பார்த்து நாளைக்கே ராஜினாமா எழுதிடாதீங்க. இட ஒதுக்கீட்டில் போராடி வாங்கிய நாற்காலி அது. கோபத்தில் காலி பண்ணக் கூடாது. உள்ளே இருந்து ஒரு ஃபைலையாவது நம்ம பக்கம் நகர்த்த முடிகிறவர் இருக்கட்டும். பயத்துக்காக மட்டும் உட்கார்ந்திருப்பவர், வெளியே வர இன்றைக்கே கணக்கை ஆரம்பிக்கட்டும்.

போன மாசம் எங்க காலனிக் குழாய்க்கு மனுப் போட்டோம். மனுவில் என் பேர். அந்தக் காகிதத்திலும் என் கையெழுத்து. விசாரணை வந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும், சொல்கிறேன்.

ஜெய் பீம்.